அப்பாவின் யாஹூ, ஜிமெயில், அம்மாவின் ஹாட்மெயில் மூன்றையும் தண்டர்பேர்டில் சேர்ப்பது எப்படி? பழைய கடிதங்கள் போய்விடக் கூடாது

காரைக்குடிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். நான் கணினித் துறை ஆள் இல்லை, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேள்வி கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2002-இல் பேருந்து நிலையம் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து யாஹூவில் ஒரு கணக்கு தொடங்கினார். அப்போது யாஹூ குழுமங்களில் தமிழ் பேசும் குழுக்கள் நிறைய இருந்தன. ஒருவர் குறுந்தொகைப் பாட்டு ஒன்றைப் போடுவார், சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அதற்கு வேறு பொருள் சொல்வார், டொரான்டோவிலிருந்து இன்னொருவர் மறுப்பார், அப்பா ராத்திரி முழுக்க உரைநூல்களைப் புரட்டிவிட்டு மறுநாள் சென்டருக்குப் போய்ப் பதில் அடிப்பார். மெயில் பெட்டி அப்போது வெறும் 4 எம்பி. வாரா வாரம் வேண்டாததை அழித்து அழித்துத்தான் நல்ல கடிதங்களை வைத்துக்கொள்ள முடிந்தது. 2004-இல் அது 100 எம்பி ஆன அன்று அப்பா வீட்டுக்குப் பால்கோவா வாங்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது. இனி எதையும் அழிக்க வேண்டாம் என்று அவ்வளவு சந்தோஷம்.

அந்த நண்பர்களில் மூன்று பேர் இப்போது இல்லை. யாஹூ குழுமங்களையும் 2020 டிசம்பரோடு மூடிவிட்டார்கள். ஆகவே அந்தப் பேச்செல்லாம் மிஞ்சியிருப்பது அப்பாவின் மெயில் பெட்டியில்தான்.

போன வருடம் அப்பாவுக்குக் கண் புரை ஆபரேஷன் ஆனது. அப்புறம் யாஹூ பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் மினுக்கும் விளம்பரங்கள் கண்ணைக் கூசுகின்றன, எது மெயில் எது விளம்பரம் என்று தெரியவில்லை என்று சொல்லி விட்டுவிட்டார். பத்து மாதமாகத் திறக்கவே இல்லை. 12 மாதம் யாரும் நுழையாத பெட்டியை யாஹூ காலி செய்துவிடலாம் என்று அவர்கள் உதவிப் பக்கத்தில் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உடனே நான் உள்ளே போய்விட்டேன், அது இருக்கட்டும். ஆனால் இது நிரந்தர வழி இல்லையே.

அதனால் லேப்டாப்பில் தண்டர்பேர்ட் போட்டேன். பல கணக்குகளின் மெயிலை ஒரே இடத்தில் படிக்க உதவும் இலவச மென்பொருள் அது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம். அப்பாவின் யாஹூ, பென்ஷனுக்காகத் தொடங்கிய அவருடைய ஜிமெயில், அம்மாவின் பழைய ஹாட்மெயில், மூன்றும் ஒரே இடத்தில் பெரிய எழுத்தில் தெரிய வேண்டும் என்பது ஆசை. நடந்தது இது:

ஜிமெயில்: கூகுளின் சின்ன ஜன்னல் வருகிறது. மெயில் முகவரி கொடுத்து அடுத்தது அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து கேட்கிறது. பத்து தடவை செய்தாயிற்று.

யாஹூ: பாஸ்வேர்டு தவறு என்கிறது. அதே பாஸ்வேர்டில் பிரவுசரில் திறக்கிறது.

ஹாட்மெயில்: இதுவும் பாஸ்வேர்டு தவறு என்றே சொல்கிறது.

இங்கே ஒரு கணினிக் கடைக்காரரிடம் காட்டினேன். "பாப் வைத்துவிடலாம் டீச்சர், எல்லா மெயிலும் உங்கள் மெஷினுக்கு இறங்கிவிடும், யாஹூவில் அழிந்துவிடும், இடமும் காலியாகும்" என்றார். அழிந்துவிடும் என்ற சொல்லைக் கேட்டதும் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் சொல்வது சரியா? பாப், ஐமேப் என்கிறார்களே, எனக்கு எது வேண்டும்?

---

மீனாட்சிபுரம்

டீச்சர், பாஸ்வேர்டு தவறே இல்லை. வெளி புரோகிராம்களிடம் நேரடியாகப் பாஸ்வேர்டு வாங்கி உள்ளே விடுவதை இந்த நிறுவனங்கள் நிறுத்திவிட்டன. கூகுள் 2022 மே 30-இல் நிறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16-இல். யாஹூவும் அப்படித்தான். இப்போது அவர்கள் கேட்பது ஓஆத்2 என்ற முறை. அதாவது தண்டர்பேர்டுக்கு உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. அது ஒரு ஜன்னலைத் திறந்துவிடும், நீங்கள் நேராக யாஹூவிடம் பாஸ்வேர்டு சொல்வீர்கள், யாஹூ தண்டர்பேர்டுக்கு ஓர் அனுமதிச் சீட்டு கொடுக்கும்.

யாஹூவுக்கும் ஹாட்மெயிலுக்கும்: அக்கவுன்ட் செட்டிங்ஸ், சர்வர் செட்டிங்ஸ், அங்கே ஆதென்டிகேஷன் மெத்தட் என்ற இடத்தில் நார்மல் பாஸ்வேர்டு என்று இருக்கும். அதை ஓஆத்2 என்று மாற்றுங்கள். அப்படியே இடது பக்கம் கீழே அவுட்கோயிங் சர்வர் என்று தனியாக ஒன்று இருக்கும். அங்கேயும் மாற்ற வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மெயில் வரும், அனுப்ப முடியாது. அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தேடுவார்கள்.

ஹாட்மெயிலில் இன்னொரு கதவும் உண்டு. பிரவுசரில் அவுட்லுக் செட்டிங்ஸுக்குப் போய், மெயில் என்பதன் கீழே ஃபார்வேர்டிங் அண்ட் ஐமேப் என்ற பகுதியில் வெளி புரோகிராம்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். அது மூடியிருந்தால் ஓஆத்2 வைத்தாலும் உள்ளே போகாது.

ஜிமெயில் சுற்றிச் சுற்றி வருவதற்குப் பெரும்பாலும் காரணம் குக்கீ. தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் குக்கீகளை ஏற்றுக்கொள் என்ற கட்டத்தில் டிக் இருக்க வேண்டும். டிக் இல்லாவிட்டால் கூகுள் ஜன்னலுக்கு நீங்கள் யார் என்பது அடுத்த பக்கம் போவதற்குள் மறந்துவிடும்.

யாஹூவில் அந்த ஜன்னலே வரவில்லை என்றால், அக்கவுன்ட் செக்யூரிட்டி பக்கத்தில் ஆப் பாஸ்வேர்டு (ஒரு புரோகிராமுக்கு மட்டுமான தனிப் பாஸ்வேர்டு) ஒன்று உருவாக்கி அதைத் தண்டர்பேர்டில் கொடுங்கள். அப்போது ஆதென்டிகேஷன் நார்மல் பாஸ்வேர்டு என்றே இருக்கட்டும்.

பாப், ஐமேப் விஷயத்தை எனக்கு மேலே தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதுவரை கடைக்காரர் சொன்னதைச் செய்ய வேண்டாம்.

---

தாமிரபரணி மெயில்

அம்மா, நீங்கள் லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வந்தது ரொம்ப நல்ல காரியம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் இருபது வருடம் மெயில், நெட்வொர்க், பிரிண்டர் எல்லாம் பார்த்தவன். பாப் என்னை அழ வைத்திருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாப் என்பது தபால் பெட்டியைத் திறந்து கடிதங்களை அள்ளி வீட்டுக்குக் கொண்டுவருவது போன்றது. டயல்-அப் காலத்துக்கு அது சரியாக இருந்தது. நிமிடத்துக்கு நிமிடம் தொலைபேசிக் கட்டணம் ஓடும்போது சட்டென்று இணைத்து, அள்ளிக்கொண்டு, துண்டித்துவிட்டு நிதானமாகப் படிக்கலாம். ஆனால் பாப் தொடுவது இன்பாக்ஸ் ஒன்றை மட்டும்தான். உங்கள் அப்பா யாஹூவில் தனித்தனி ஃபோல்டர் போட்டுக் கடிதங்களைப் பிரித்து வைத்திருந்தால், அந்த ஃபோல்டர்கள் எதுவும் பாப்பில் வராது. அவர் அனுப்பிய பதில்களும் வராது. அவர் ராத்திரி முழுக்க உரைநூல் புரட்டி எழுதினாரே, அவை சென்ட் ஃபோல்டரில் அல்லவா இருக்கும்?

ஐமேப் என்பது யாஹூவில் இருக்கும் பெட்டியை உங்கள் லேப்டாப்பிலிருந்து பார்ப்பது. எல்லா ஃபோல்டரும் தெரியும். இங்கே படித்தது அங்கேயும் படித்ததாகக் காட்டும். உங்களுக்கு வேண்டியது இதுதான், சந்தேகமே வேண்டாம்.

ஆனால் ஒன்றை மனதில் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஐமேப்பில் கடிதங்கள் லேப்டாப்பிலும் தெரிவதால் அது ஒரு நகல் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். நகல் இல்லை. கண்ணாடியில் தெரியும் உருவம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நாளைக்கு யாஹூ பெட்டியைக் காலி செய்தால், அடுத்த முறை தண்டர்பேர்ட் இணையும்போது இங்கேயும் காலியாகும். உங்கள் பயம் யாஹூ அழித்துவிடுமோ என்பதுதானே? ஐமேப் வைத்துவிட்டால் மட்டும் அந்தப் பயம் தீராது.

அதற்குத்தான் தண்டர்பேர்டின் இடது பக்கம் கடைசியில் லோக்கல் ஃபோல்டர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் எந்தச் சர்வருக்கும் சம்பந்தம் இல்லை. அது முழுக்க உங்கள் லேப்டாப்பின் டிஸ்க்கில் இருப்பது. அதன் மேல் ரைட் கிளிக் செய்து "அப்பா 2002", "அப்பா 2003" என்று புது ஃபோல்டர்கள் போடுங்கள். அப்புறம் யாஹூ பக்கம் வந்து, வேண்டிய கடிதங்களைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக்கில் காப்பி டு என்று கொடுத்து அங்கே அனுப்புங்கள். மவுசால் இழுத்துப் போட வேண்டாம், மூவ் டு வேண்டவே வேண்டாம். காப்பி மட்டும். ஒரேயடியாக ஐயாயிரம் கடிதங்களைத் தேர்ந்தெடுக்காமல் ஐந்நூறு ஐந்நூறாகச் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் எங்கே நின்றது என்று தெரியும். ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் ஒன்றா என்று பாருங்கள். கணக்கு டீச்சருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்ததும் வைஃபையை அணைத்துவிட்டு லோக்கல் ஃபோல்டர்ஸில் ஒரு பழைய கடிதத்தைத் திறந்து பாருங்கள். முழுதாகத் திறந்தால் அது உங்கள் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009-இல் எங்கள் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவுக் கணினியில் நான்தான் பாப் வைத்திருந்தேன். சர்வரில் இடம் குறைவு என்று, இறங்கியதும் அங்கே அழிந்துவிடும்படி வைத்தேன். ஒரு மழைக்கால இரவில் அந்த ஹார்டு டிஸ்க் போயிற்று. ஐந்து வருடக் கடிதங்கள். அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அந்தப் பிரிவில் இருந்தவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

பாப்பிலும் சர்வரில் விட்டுவை என்ற கட்டம் உண்டு, அதற்குக் கீழேயே இத்தனை நாள் மட்டும் என்று இன்னொரு கட்டமும் உண்டு. முதலாவதைப் பார்த்து நிம்மதியாகி இரண்டாவதைக் கவனிக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.

சர்வர் செட்டிங்ஸில் போர்ட் என்று இருக்கும் எண்களைத் தண்டர்பேர்ட் தானாகவே போட்டிருக்கும், ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஐமேப் என்றால் 993, எஸ்எஸ்எல். அனுப்பும் பக்கம் யாஹூவுக்கு 465, எஸ்எஸ்எல். ஹாட்மெயிலுக்கு 587, ஸ்டார்ட்டிஎல்எஸ். 995 என்று இருந்தால் அது பாப். கடைக்காரர் வைத்துவிட்டுப் போயிருக்கிறாரா என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

---

காரைக்குடிக்காரி

ஐயா, மீனாட்சிபுரம் தம்பி, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

குக்கீ கட்டத்தில் டிக் இல்லைதான். போட்டதும் ஜிமெயில் வந்துவிட்டது. யாஹூவை ஓஆத்2-க்கு மாற்றினேன், ஜன்னல் வந்தது, பாஸ்வேர்டு கொடுத்தேன், போனுக்கு ஓர் எண் வந்தது, உள்ளே போய்விட்டது. அம்மாவின் ஹாட்மெயிலில் வெளி புரோகிராம் அனுமதி மூடியிருந்தது. திறந்தேன். அதுவும் வந்துவிட்டது. அம்மா தன் தம்பி மஸ்கட்டிலிருந்து அனுப்பிய கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் அப்பா விஷயத்தில் இரண்டு சிக்கல்.

ஒன்று, தண்டர்பேர்டில் அப்பாவின் இன்பாக்ஸ் சரியாக 10,000 கடிதங்களோடு நின்றுவிட்டது. ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. பழையது என்று பார்த்தால் 2009-இல் தொடங்குகிறது. அதற்கு முந்தையது எதுவுமே இல்லை. கை நடுங்கிவிட்டது. பிரவுசரில் போய்ப் பார்த்தேன், அங்கே 2002 கடிதங்கள் இருக்கின்றன. இங்கே மட்டும் வரவில்லை.

இரண்டு, அனுப்பியவை ஃபோல்டரில் 2003, 2004 கடிதங்கள் சில வந்திருக்கின்றன. திறந்தால் தமிழே இல்லை. புள்ளி வைத்த, கொம்பு வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக இருக்கிறது. இடையில் வரும் ஆங்கில வார்த்தைகள் மட்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. மெனுவில் ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங் என்று இருந்தது, அழுத்தினேன், ஒன்றும் மாறவில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எழுத்து செத்துப்போச்சா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

---

தாமிரபரணி மெயில்

பயப்படாதீர்கள் அம்மா, எதுவும் போகவில்லை. யாஹூ ஐமேப் வழியாக ஒரு ஃபோல்டருக்கு 10,000 கடிதங்கள் வரைதான் காட்டும். அதுவும் புதியதிலிருந்து எண்ணிக்கொண்டு வரும். நடுவில் வந்த கடை விளம்பரங்களும் வங்கி அறிவிப்புகளும் அந்தப் பத்தாயிரத்தை நிரப்பிவிட்டன. அப்பாவின் கடிதங்கள் வரிசையில் பின்னால் நிற்கின்றன, அவ்வளவுதான்.

வழி இது. பிரவுசரில் யாஹூவைத் திறந்து இன்பாக்ஸைப் பழையது முதலில் வரும்படி வரிசை மாற்றுங்கள். இடது பக்கம் 2002 என்று புது ஃபோல்டர் போட்டு, அந்த வருடக் கடிதங்களை அதற்குள் நகர்த்துங்கள். இது யாஹூவுக்குள்ளேயே நடப்பதால் நகர்த்துவதில் ஆபத்து இல்லை. அடுத்தது 2003. இப்படி 2008 வரை. ஒவ்வொரு ஃபோல்டரும் பத்தாயிரத்துக்கு வெகு கீழே இருக்கும், எல்லாமே தண்டர்பேர்டில் தெரியும். புது ஃபோல்டர் தெரியாவிட்டால் கணக்கின் பெயர் மேல் ரைட் கிளிக், சப்ஸ்க்ரைப், டிக்.

விளம்பரங்களை அழித்து இடம் செய்யலாம் என்று தோன்றும். இப்போது வேண்டாம். முதலில் நகல், அப்புறம்தான் கூட்டிப் பெருக்குவது.

எழுத்துச் சிக்கல் எனக்குத் தெரியாத துறை. அது தெரிந்தவர் யாராவது வருவார்கள்.

---

வடமராட்சி - ரொறன்ரோ

அக்கா, எழுத்து சாகவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். அது திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறை. நானும் அந்தக் காலத்தில் அந்தக் குழுமங்களில் இருந்தவன்தான். அப்பாவின் பெயரைக் கேட்கவில்லை, ஆனால் அவர் எழுதியதை நான் கட்டாயம் வாசித்திருப்பேன்.

இன்று எல்லோரும் பயன்படுத்தும் யூனிகோடு முறை பரவுவதற்கு முதல், கணனியில் தமிழுக்கு ஒரே ஒழுங்கு இருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு விதம். அதைத் தீர்க்கத்தான் உலகம் முழுவதும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினார்கள். 256 இடங்கள். முதல் பாதி ஆங்கிலத்துக்கு, மறுபாதி தமிழுக்கு. அதனால்தான் உங்களுக்கு ஆங்கில வார்த்தைகள் மட்டும் ஒழுங்காகத் தெரிகின்றன. தமிழ் இருக்கிற மறுபாதியில் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள் இருப்பதாகத் தண்டர்பேர்ட் நினைக்கிறது. நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு கொம்பு வைத்த எழுத்தும் ஒரு தமிழ் எழுத்துத்தான். ரிப்பேர் பொத்தானுக்குத் திஸ்கி என்று ஒன்று இருப்பதே தெரியாது, அதனால் அது உதவாது.

வாசிப்பதற்கு மட்டும் என்றால்: இணைமதி அல்லது பரணர் போன்ற திஸ்கி எழுத்துரு ஒன்றை நிறுவுங்கள். தண்டர்பேர்டின் செட்டிங்ஸில் ஃபான்ட்ஸ் பகுதியில் அட்வான்ஸ்ட் என்று திறந்து, லத்தீன் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதற்குரிய எல்லா இடத்திலும் அந்த எழுத்துருவை வையுங்கள். மோனோஸ்பேஸ் என்ற இடத்தை மறக்க வேண்டாம், அந்தக் காலக் கடிதங்கள் எல்லாம் வெறும் எழுத்துக் கடிதங்கள், அவை அந்த எழுத்துருவில்தான் தெரியும். பெரும்பாலான கடிதங்கள் உடனே தமிழாகிவிடும். அதே ஜன்னலில் குறைந்தபட்ச எழுத்தளவு என்றும் ஒன்று இருக்கிறது. அதை 20 என்று வைத்துவிட்டால் அப்பா கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை.

நிரந்தரமாக வைத்திருக்க, கடித உடலைக் கொப்பி செய்து யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சுரதாவின் பொங்குதமிழ் பக்கத்தில் ஒட்டினால் மாற்றித் தரும். இணையம் இல்லாமலே செய்ய என்ஹெச்எம் கன்வெர்ட்டர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, திஸ்கியிலிருந்து யூனிகோடு என்று தேர்ந்தெடுத்தால் போதும். கடிதங்கள் தனிப்பட்டவை என்றால் இரண்டாவதுதான் நல்லது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சில கடிதங்களில் வெறும் கேள்விக்குறிகளாக வரிசையாக இருந்தால், அது வரும் வழியில் எங்கோ ஒரு சர்வர் எழுத்தைத் தொலைத்துவிட்டது. அவற்றை எந்த எழுத்துருவாலும் மீட்க முடியாது. ஆனால் குழுமத்தில் பதில் எழுதுபவர்கள் முந்தைய கடிதத்தைக் கீழே அப்படியே ஒட்டுவார்கள், நினைவிருக்கிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். அந்தப் பதில்களுக்குள் தேடினால் தொலைந்த கடிதம் கிடைக்கலாம்.

மாற்றிய பிறகும் மூலக் கடிதத்தை அழிக்க வேண்டாம். மாற்றும்போது ஓரிரு எழுத்து பிசகலாம், ஒப்பிட மூலம் வேண்டும்.

---

மீனாட்சிபுரம்

டீச்சர், ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். லோக்கல் ஃபோல்டர்ஸ் லேப்டாப்பில்தானே இருக்கிறது, லேப்டாப் போனால்? ஹெல்ப் மெனு, ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன், அங்கே புரொஃபைல் ஃபோல்டர் என்று இருக்கும், திறங்கள். பிறகு தண்டர்பேர்டை முழுதாக மூடிவிட்டு அந்த ஃபோல்டரை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெயில் ஃபோல்டர் என்பது அங்கே ஒரே ஒரு பெரிய ஃபைல். அது 4 ஜிபியைத் தாண்டினால் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் ஏற்றுக்கொள்ளாது, எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மட் செய்தது வேண்டும். அப்பாவுடையது எழுத்துக் கடிதங்கள், அந்த அளவு வராது. அம்மாவின் கல்யாணப் படங்கள் வரலாம்.

அந்தப் பென் டிரைவில் மூன்று கணக்குக்கும் நுழைவுச் சீட்டு இருக்கும் என்பதால், காப்பி எடுப்பதற்கு முன் செட்டிங்ஸில் பிரைமரி பாஸ்வேர்டு ஒன்று போட்டுவிடுங்கள். பென் டிரைவை வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம். இரண்டு பென் டிரைவ், ஒன்று வேறு வீட்டில்.

---

காரைக்குடிக்காரி

பன்னிரண்டு நாள் ஆயிற்று. பரீட்சைத் தாள் திருத்தும் நேரம், ராத்திரியில்தான் உட்கார முடிந்தது.

2002-இலிருந்து 2008 வரை யாஹூவுக்குள் வருடவாரியாகப் பிரித்தேன். மொத்தம் 4,316 கடிதங்கள். அனுப்பியவை தனியாக 1,140. எல்லாவற்றையும் ஐந்நூறு ஐந்நூறாக லோக்கல் ஃபோல்டர்ஸுக்குக் காப்பி செய்தேன். 2005-இல் ஒரு இடத்தில் இரண்டு குறைந்தது. தேடிப் பார்த்ததில் அந்த இரண்டும் காப்பி ஆகாமலே நின்றிருந்தன, மறுபடி செய்ததும் சரியாகிவிட்டது. எண்ணிப் பார்க்கச் சொன்னதற்கு ஐயாவுக்கு ரொம்ப நன்றி. வைஃபையை அணைத்துத் திறந்து பார்த்தேன். திறக்கிறது.

பென் டிரைவ் இரண்டு எடுத்தாயிற்று. ஒன்று தேவகோட்டையில் சித்தி வீட்டில் இருக்கிறது.

எழுத்துருவை மாற்றிய அன்று அப்பாவைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தேன். 2003 மார்ச்சில் அவர் எழுதிய ஒரு கடிதம். மூன்றாவது பத்தி வந்ததும், "இது தப்பு, அவர் சொன்னதுதான் சரி, நான் அப்போது ஒத்துக்கொள்ளவில்லை" என்றார். அந்த அவர், சிங்கப்பூரில் இருந்தவர். இப்போது இல்லை.

கேள்விக்குறிக் கடிதங்கள் அறுபத்தி மூன்று. வடமராட்சித் தம்பி சொன்னபடி பதில்களுக்குள் தேடினோம், இருபத்தொன்று முழுதாகக் கிடைத்துவிட்டன. மீதியையும் தேடுகிறோம். தேடுவது அப்பாதான். காலையில் காப்பி குடித்ததும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார். யூனிகோடுக்கு மாற்றுவதை நான் செய்கிறேன், எழுத்துப் பிழை பார்ப்பதை அவர் செய்கிறார்.

தம்பி, அப்பாவிடம் உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். வடமராட்சி என்றதும், 2004-இல் திருமுருகாற்றுப்படை பற்றிக் குழுமத்தில் பேசிய ஒருவர் அந்தப் பக்கத்தவர், அது நீங்களா என்று கேட்கச் சொன்னார்.

---

வடமராட்சி - ரொறன்ரோ

அது என் அண்ணன், அக்கா. பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். இன்று பின்னேரம் போய்ச் சொல்கிறேன். அப்பாவின் ஜிமெயில் முகவரியை எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள், அண்ணன் அவருக்கு எழுதட்டும்.